அம்மாவின் இடது கை

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர், "பாவம், கடைசி பன்னெண்டு வருசமும் கஷ்டப்பட்டுட்டாக" என்றார்கள். அன்பினால் சொன்னதுதான். ஆனாலும் அம்மாவின் இந்த நினைவு மலரில் முதலில் அதை மறுத்துவிடுகிறேன். அம்மா கஷ்டப்பட்டது இரண்டு மாதம். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் வாழ்ந்தார்.

தேவதானத்தில் விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தார். ராஜபாளையத்தில் மில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டார். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தது அம்மாதான். தீபாவளிக்கு முந்தைய வாரம் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது.

ஒரு நாள் எலுமிச்சை பறிக்கும்போது வலது கையில் முள் குத்தியது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு தைக்க உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கை முழங்கை வரை வீங்கிக் கறுத்தது. சர்க்கரை நோயும் இருந்தது. மதுரையில் மருத்துவர்கள், தோலுக்கு அடியில் கிருமி சதையை அழித்துக்கொண்டே போகிறது என்றார்கள். மூன்று முறை அறுவை சிகிச்சை செய்து, கெட்ட சதையை எடுத்துவிட்டு, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். உயிரும் கையும் தப்பின. மூன்று விரல்கள் மட்டும் பிறகு மடங்கவே இல்லை. ஒட்டிய தோலுக்குச் சூடும் தெரியாது.

வீட்டுக்கு வந்த அம்மா இடது கையால் தலை வாரவும் காய் நறுக்கவும் கையெழுத்துப் போடவும் பழகினார். கத்தரிக்கோல் மட்டும் வசப்படவில்லை. அதனால் துணி வெட்டும் வேலை அப்பாவிடம் போனது. "மில்லுல இரும்பப் பாத்த கண்ணு, துணியையும் செத்த பாத்து வெட்டுங்க" என்று தினமும் திட்டு விழும். தழும்பு தெரியாமல் முழுக்கை ஜாக்கெட் போடச் சொன்ன உறவினர்களிடம், "இந்த வெயில்ல நீ போடுதியா?" என்று கேட்டார். கோடையில் அந்தத் தோல் அரிக்கும். லேசான காய்ச்சல் வந்தாலும் பயந்துபோவார்; பயத்தை மறைக்காமல் உடனே டாக்டரிடம் கிளம்பிவிடுவார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அம்மா பின்வாங்கினார். பந்தியில் இடது கையால் சாப்பிட வேண்டுமே என்று, கல்யாண வீடுகளில் மொய் செய்துவிட்டு, "பசிக்கல" என்று திரும்பிவிடுவார். வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவார். நாங்களும் வற்புறுத்தியதில்லை. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

நாலு வருடம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் அம்மாவை முதல் பந்திக்கு அழைத்தார்கள். நான் அம்மாவைத் தனியே கூப்பிட்டேன்.

"எம்மா, நீ ரூம்லயே சாப்பிட்டுக்கிடுதியா? இலைய அங்க கொண்டாரச் சொல்லுதேன். பொண்ணு வீட்டாளுக என்ன நினைப்பாகளோ."

அம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"ஏலே, நாலு வருசமா இந்தக் கையாலதான உனக்கு ஆக்கிப் போடுதேன். அம்புட்டு நாளும் திங்கும்போது உனக்குக் கூச்சமா இல்லையே?"

அம்மா நேரே போய்ச் சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மதினி, எனக்கு வலது கை மடங்காது. இப்படித்தான் சாப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு இடது கையால் சோற்றைப் பிசைந்தார்.

"அதுக்கென்ன மதினி, நல்லாச் சாப்பிடுங்க" என்ற சம்பந்தியம்மா, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொன்னார்.

அதன் பிறகு அம்மா எந்தப் பந்தியையும் தவறவிடவில்லை. பாயசத்தை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்குவார். சென்ற மாதம் ஒரு மதிய வேளையில், தைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்றார். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மாவைக் காப்பாற்றிய மதுரை மருத்துவர்களுக்கும், இரண்டு மாதம் வீடு தேடி வந்து புண்ணுக்குக் கட்டுப்போட்ட நர்ஸ் அக்காவுக்கும், அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும், ஒரு வார்த்தையில் அம்மாவின் மனசைக் குளிர வைத்த சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நோய் அம்மாவின் மூன்று விரல்களைத்தான் எடுத்துக்கொண்டது. நாலு வருடம் அவரை ஊர்ப் பந்திகளிலிருந்து பசியோடு திருப்பி அனுப்பியது எங்கள் கூச்சம். அதற்கு நான் அவரிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன்.

மன்னிச்சிரும்மா.