இருமலில் எழுந்த கை

கண் திறந்ததும் என் வீட்டுக்காரர் முதலில் செய்தது, இடது கையால் தன் வலது கையைத் தேடிப் பிடித்ததுதான். மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல அந்தக் கையைத் தட்டினார். அது எழவில்லை.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை அவருக்கு. தீபாவளி சீசனில் லாரி மேலே அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கி, தலையும் வலது தோளும் தரையில் மோத விழுந்தார். மூளையில் இரத்தக்கட்டு. மண்டையைத் திறந்து எடுத்தார்கள். மாரியாத்தா புண்ணியத்தில் உயிர் நின்றது. பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வந்தது.

கையை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. விரல்கள் அசைந்தன, முழங்கைதான் மடங்கவில்லை. தலை சரியானால் கையும் சரியாகிவிடும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டிருந்தால், கையையும் காலையும் தனியாகக் காட்டிக் கேளுங்கள். நரம்பு போன தசை கிடக்கக் கிடக்கச் சூம்பிவிடும். ரொம்பத் தாமதமானால் வைத்தியம் கேட்காது.

வீடு திரும்பிய பிறகும் கை மடங்காததால் மறுபடி மதுரைக்கே போனோம். நரம்புக்குப் பார்க்கும் டாக்டரம்மாதான் விளக்கினார். பிரேக்கியல் பிளெக்சஸ் (கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கொத்து) மேல்பக்கம் வேரோடு பிய்ந்திருக்கிறது. அதை ஒட்ட முடியாது. விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சுக்கு உதவும் நரம்புகளில் சிலவற்றை எடுத்து, கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைக்கலாம் என்றார்.

கல்யாணத்துக்கு முன் நான் வெடிக்குத் திரி செருகும் வேலைக்குப் போனவள்.

"அப்ப வேற வெடிக்குப் போற திரிய இதுல செருகுறீகளா?" என்று கேட்டேன்.

"அப்படித்தாம்மா. ஆனா பத்த வைக்க வேண்டியது அவரு மூளை. அதுலயும் அடிபட்டிருக்கே."

கையை மடக்க நினைத்தால் இனி மூளை மூச்சு நரம்பைக் கூப்பிட வேண்டும். அடிபட்ட மூளை அதைப் படித்துக்கொள்ளுமா என்பது டாக்டர்களுக்கே முழுதாகத் தெரியவில்லை. அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், நீங்களும் சேருகிறீர்களா என்று கேட்டார். ஆபரேஷன் ஏற்கெனவே பலருக்கும் செய்வதுதான், பிறகு வரும் பயிற்சியையும் பரிசோதனையையும்தான் ஆராய்ச்சிக்கு எடுப்போம், வேண்டாமென்றாலும் வைத்தியம் நிற்காது என்றார்.

என் கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை. "அண்ணன சாம்பிள் வெடி ஆக்கிறாதீக மதினி. வெடிச்சுப் பாத்துட்டு அவுக பாட்டுக்குப் போயிருவாக."

முடிவு சொன்னது என் வீட்டுக்காரர். அதற்குக் காரணம் இருந்தது. முதல் ஆஸ்பத்திரிவாசம் முடிந்து வந்ததும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பூசாரி திருநீறு நீட்டியபோது வலது கை எழவில்லை. இடது கையை நீட்ட அவருக்கு மனம் வரவில்லை. பூசாரியே பூசிவிட வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு கோயில் பக்கமே வரவில்லை. டாக்டரம்மாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "துன்னூறு... என் கையால... பூசணும்."

ஆபரேஷன் முடிந்தது. காத்திருப்பு தொடங்கியது. இணைத்த நரம்பு ஒரு நாளைக்குக் கடுகளவுதான் வளருமாம். அதுவரை நானே அவர் கையை மடக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். விடிந்ததும் கம்பெனி வேன் வாசலில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அவர் பார்க்காததுபோல் இருப்பார். சோறு ஊட்டினால் சில நாள் தட்டைத் தள்ளிவிடுவார். தலையில் அடிபட்டவர்களுக்கு இந்தக் கோபம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். தெரிந்திருந்தும் அழுகைதான் வந்தது. சாமியிடம் கேட்கக்கூட அலுத்துப்போய், விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் வந்தது. கெஞ்சிக் கேட்டதும், தூரத்தில் நிற்கிறேன் என்று வந்தார். கையைத் துணியில் தொட்டில்போல் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அக்னிச்சட்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்து அவருக்கு இருமல் பிடித்தது. ஒவ்வொரு இருமலுக்கும், தொட்டிலுக்குள் செத்துக் கிடந்த கை வெடுக் வெடுக்கென்று நெஞ்சை நோக்கி எழுந்தது.

கொழுந்தன்தான் முதலில் பார்த்தான். "மதினி, அண்ணனுக்கு அருள் வந்துருச்சு." குலவைச் சத்தம் கிளம்பியது. பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி அவர் கையில் வேப்பிலையைத் திணித்து, "ஆத்தா, என்ன கொறை வச்சோம், சொல்லு தாயி" என்று கும்பிட்டாள். நானும் தரையில் விழுந்துவிட்டேன்.

அவர் சொற்களைத் தேடி எடுத்தார். "எந்திரி புள்ள. சாமி இல்ல. இருமல்."

மறுபடி மதுரைக்குப் போனபோது கூச்சத்தோடுதான் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அங்கேயே அவரை இருமச் சொன்னார். கை மடங்கியது. மூச்சு நரம்பு தசையைப் போய்ச் சேர்ந்துவிட்டது, இதற்குத்தான் காத்திருந்தோம் என்றார். இ.எம்.ஜி. (தசையில் மெல்லிய ஊசி வைத்து அதன் மின்துடிப்பைக் கேட்கும் பரிசோதனை) எடுத்தார்கள். பெட்டியிலிருந்து தூரத்துச் சரவெடிபோலப் படபடவென்று சத்தம் வந்தது, விட்டு விட்டு.

"நமத்த சரம்" என்றார் என் வீட்டுக்காரர். விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் கேலி அது.

அன்று சாமி வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வந்த வழி அது என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு வேறு அலுப்பு. மூச்சை இழுத்தால் கை மடங்கும், விட்டால் இறங்கும். அதை வைத்தே மூளைக்குப் பழக்க வேண்டும். வீட்டில் திருநீற்றை வைத்துப் பழகினார். மூச்சை இழுக்கும்போது பொடி மூக்கில் ஏறும். தும்மலில் கை துள்ளி, குனிந்த முகத்தில் இடிக்கும். முகத்தைத் திருப்பி முதலில் மூச்சை இழுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார். மூச்சை இழுக்காமலே கையை மடக்கும் நாளும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். லோடு ஏற்றும் வேலைக்கு இனி முடியாது.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் பூசாரி நீட்டியபோது, இடது கையால் தாங்கிக்கொண்டு வலது கையை ஏந்தினார். உள்ளங்கையில் திருநீறு விழுந்தது. முகத்தைத் திருப்பினார், மூச்சை இழுத்தார். கை எழுந்தது. தோள் முழுதும் எழாததால் மீதித் தூரத்துக்குத் தலை குனிந்து வந்தது. பாதி நெற்றியிலும் பாதி புருவத்திலுமாகப் பூசிக்கொண்டார். பிறகு மூச்சை விட்டார்.

நானும் விட்டேன். எப்போது இழுத்துப் பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தார். "நீ எதுக்கு... புடிச்ச? ஒனக்கா... நரம்பு வச்சாக?"

வீட்டுக்கு நடந்தோம். மூச்சுக்கு மூச்சு அவர் கை கொஞ்சம் எழுந்து கொஞ்சம் இறங்கியது. அந்த வேகத்திலேயே நானும் நடந்தேன்.