பிக்கப்பை யார் ஓட்டுவது?

தம்பிக்காரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் கால் அளவு கேட்டான். பல் டாக்டர் நாற்பத்திரண்டு என்றார். பேக்கரிக்காரர் தன் கால் எந்த அளவுக்கும் அடங்காது என்று சொல்லிச் சிரித்துவிட்டு, நாற்பத்தைந்து என்றார். தம்பி தன்னுடையதையும் சேர்த்துப் பூட்ஸ் கடைக்காரரிடம் சொன்னான். மணலில் பைக் ஓட்ட முழங்கால் வரைக்கும் வரும் கனமான பூட்ஸ் வேண்டும். மொத்தமாக வாங்கினால் கடைக்காரர் பார்த்துப் போட்டுக் கொடுப்பார். "அவ்வளவுதான் சார், மூணு ஜோடி" என்று சொல்லிப் போனை வைத்தான்.

சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த அக்கா தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். இரண்டும் இருந்தன.

"என் அளவு கேக்கலையேடா?"

"உனக்கு எதுக்குக்கா பூட்ஸ்?" நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். "நீ பிக்கப்ல தானே வரப்போற."

யார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறான் என்று பார்க்க வேண்டும். வீடு அவளுடையது. பாலைவனத்தின் வரைபடத்தை விரித்து வைத்திருந்த சாப்பாட்டு மேஜை அவளுடையது. அதனால் அவளும் அவள் புருஷனும் இரண்டு மாதமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். வெளியே தகரக் கூரையின் கீழே நின்ற நான்கு பைக்குகளில் ஓரத்துப் பச்சை வண்டி அவளுடையது, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்குவாரிப் பாதையில் இவர்களோடு அதில்தான் சுற்றுகிறாள். மணல்மேடுகளுக்குப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தது அவள். மணலில் வண்டி பெட்ரோலை ஏகத்துக்குக் குடிக்கும், டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும்படி வண்டியின் பின்னால் கம்பு நட்டுக் கொடி கட்ட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்து வைத்ததும் அவள்தான். தண்ணீர், பெட்ரோல், கூடாரம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பின்னாலேயே ஒரு பிக்கப் வண்டி வராவிட்டால் யாரும் கிளம்பக் கூடாது என்று கறாராகச் சொன்னதும் அவளேதான். அப்படிச் சொன்ன நிமிடமே மூன்று பேருடைய மனசிலும் அவள் அந்தப் பிக்கப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மூவரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அக்காவின் தொழில் டிரைவிங் சொல்லிக் கொடுப்பது. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சீட்டில்தான் அவள் வாழ்க்கை ஓடுகிறது. காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரைக்கும் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக்கொண்டே இருப்பதால் ஊரே அவளைக் கிளட்ச் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. வயசில் மூத்த பல் டாக்டர்கூட, பாடம் படித்த மரியாதைக்கு அக்கா என்பார். புதிதாகச் சேர வருகிற ஆண்கள் காரில் ஏறி உட்கார்ந்ததும் "சார் எப்ப வருவார்?" என்று கேட்பார்கள். முதல் சில வருஷங்கள் பதில் சொன்னாள். பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டு, "சீட்ட முன்னாடி தள்ளுங்க" என்று வேலையைத் தொடங்கிவிடுவாள்.

ஓட்டத் தெரிந்தவள் வீட்டில் இருந்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு வசதி! அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவள். சித்தப்பா குடும்பம் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஓட்டுவது அவள். அவர்கள் அலையில் கால் நனைத்தபோது நிழலில் வண்டிக்குக் காவல் இருந்ததும் அவள். தம்பியின் கல்யாணத்தன்று, சொந்தக்காரர்களை மண்டப வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு உள்ளே வந்தபோது, கல்யாணம் முடிந்து எல்லோரும் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் படம் ஒன்றில்கூட அவள் இல்லை. "நீ எங்கக்கா போன?" என்று தம்பி கேட்டானே, அதை இன்றுவரை அவள் மறக்கவில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளுக்கு இது பொறுக்கவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாருடா முடிவு பண்ணது, நான் பிக்கப்ல வர்றேன்னு?"

"முடிவு என்னக்கா முடிவு... லோடு ஏத்தின வண்டிய மணல்ல ஓட்டறது லேசுப்பட்ட காரியமா? உன்னை விட்டா வேற யாரால முடியும்?"

"நியாயமாப் பாத்தா பைக்கைவிட அதுதான்க்கா கஷ்டம்" என்றார் டாக்டர். "திறமை இருக்கறவங்க கையிலதான் குடுக்கணும்."

"உங்கள நம்பித்தானே நாங்களே கிளம்புறோம்!" என்றார் பேக்கரிக்காரர்.

மூன்று பேரும் சேர்ந்து ஐஸ் வைத்தார்கள். பெண்பிள்ளைக்கு மணல் ஒத்துவராது என்று எவனாவது சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து நின்று நாலு வாங்கு வாங்கியிருப்பாள். புகழ்ந்துகொண்டே தலையில் கட்டுகிறவர்களை என்ன செய்வது? இவர்களுக்கு மணல்மேடு, அவளுக்குத் திறமைசாலி என்ற பட்டம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது!

"சரி, ஆளுக்கு ஒரு நாள் பிக்கப் ஓட்டுவோம். என் முறைக்கு நானும் ஓட்டறேன். மத்த நாள் பைக்" என்றாள்.

அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது. டாக்டர் தனக்குக் கியர் போட்டுக் கார் ஓட்டுவதே மறந்துவிட்டது என்றார். பேக்கரிக்காரர் தான் பிரெட் எடுத்துப்போகும் வேன் ஆட்டோமேட்டிக், கிளட்ச் எந்தப் பக்கம் இருக்கும் என்றே ஞாபகமில்லை என்றார். தம்பி ஒரு படி மேலே போய், "எனக்கெல்லாம் சரியா ஓட்டவே வராதுக்கா, உனக்குத் தெரியாததா" என்றான்.

மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள். மூன்று பேர் பர்ஸிலும் இருக்கும் லைசென்ஸுக்கு அவள் தொண்டைத்தண்ணீர் வற்றியிருக்கிறது. அவள் வீட்டுக் கூடத்தில், அவள் போட்ட காபியைக் குடித்துக்கொண்டு, எங்களுக்கு ஓட்டத் தெரியாது என்று கூசாமல் சொல்கிறார்கள்! சமையற்காரர் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, இலையில் ஒன்றுமே விழவில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது. போங்கடா என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் நல்ல மனுஷர். சைக்கிளே ஒத்துக்கொள்ளாத ஆள்; அவருக்கு மட்டும் அவளால் கடைசிவரை கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. "அவங்க உன்னைப் பெருமையாத்தானே சொன்னாங்க?" என்றார் அடுக்களை வாசலில் நின்று.

"பெருமையா? மணல்மேட்டுல ஏறி உச்சியில நிக்கணும்னு நான் எவ்வளவு நாளா நெனச்சிட்டிருக்கேன். இவனுங்க ஏறி இறங்கறத கண்ணாடி வழியா பாத்துட்டு நான் தண்ணி கேன் காவல் காக்கணுமா? இந்தத் தடவையும் நான்தானா? எப்பவும் நான்தானா?"

கடைசி வார்த்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. புருஷன் தேய்ப்பதற்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்த அக்கா நேராக விஷயத்துக்கு வந்தாள். "ஓட்டத் தெரியலேன்னா வாத்தியார் என்ன பண்ணணும்? திரும்பச் சொல்லிக் குடுத்துட்டு டெஸ்ட் வைக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம். மணல்ல. ஒருத்தருக்கும் வரலேன்னா மொத்தப் பயணமும் பிக்கப்ப நானே ஓட்டறேன், அதுக்கப்புறம் வாயே திறக்க மாட்டேன். யாருக்காவது வந்துச்சுன்னா மொத்தமும் அவர்தான் ஓட்டணும். சம்மதமா?"

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பரீட்சையில் தேறினால் தண்டனை, தோற்றால் மணல்மேடு. இதைவிட லாபமான பரீட்சை உண்டா? சம்மதம் என்றார்கள், பல்லெல்லாம் தெரிய.

ஊர் எல்லையில் கட்டுமானச் சாமான் விற்பவரின் கிடங்கு இருந்தது. அவரும் அக்காவின் பழைய மாணவர்தான். ஞாயிற்றுக்கிழமை கிடங்கு மூடியிருக்கும்; மணல் குவியல்களுக்கு நடுவே ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வாடகைக்கு எடுத்த பிக்கப்பில் தண்ணீர் கேன்களை ஏற்றி, டயர் காற்றைக் குறைத்து, அக்கா பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இந்த வண்டியில் அவள் பக்கம் கிளட்ச் இல்லை, பிரேக் இல்லை. பழக்கதோஷத்தில் கால் மட்டும் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

முதலில் டாக்டர். உறுமலில் கிடங்கே அதிரும்படி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று பாதி புதைந்துவிட்டது. எல்லோருமாக மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்கள். மறுபடி மிதித்தார், மறுபடி புதைத்தார். வியர்த்துக் கொட்டியது. இது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஏமாற்றமாக இருந்தது, ஆனாலும் பொய் சொல்ல மனசு வரவில்லை. தண்ணீரும் பெட்ரோலும் வருகிற வண்டியை இவரிடம் கொடுத்தால் நாலு பேரும் பாலைவனத்தில் நாக்கு வறண்டு நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது பேக்கரிக்காரர். அவருடைய இடது கால் ஒரு தடவை கிளட்சைத் தேடியது, ஒரு தடவை பிரேக்கை மிதித்தது, ஒரு தடவை சும்மா தொங்கியது. ஒருமுறை வண்டி குதித்தது, ஒருமுறை பின்னால் போனது. பாவம், அவர் சொன்னது உண்மைதான்.

மிச்சம் இருந்தது தம்பி. அவனும் தேறாவிட்டால் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவள் பிக்கப்பில் போக வேண்டும்.

தம்பி முதல் கியரைப் போட்டான். வண்டி மெல்ல முன்னே சாய்ந்தது, கிளம்பப் போகிற நேரத்தில் ஆஃப் ஆகிவிட்டது. "பாத்தியாக்கா!" மறுபடி ஸ்டார்ட் செய்தான். அதே மாதிரி சாய்ந்தது, அதே இடத்தில் ஆஃப். மூன்றாம் தடவையும் அப்படியே. குலுக்கல் இல்லை, உதறல் இல்லை. கேனில் இருந்த தண்ணீர்கூடத் தளும்பவில்லை. வெளியே நின்ற டாக்டரும் பேக்கரிக்காரரும் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். தம்பி உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தான்.

அக்கா அவன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பாஸ்டா" என்றாள்.

"என்னக்கா விளையாடற? மூணு தடவை ஆஃப் ஆச்சு!"

"மூணு தடவையும் ஒரே இடத்துல ஆஃப் ஆச்சு. ஓட்டத் தெரியாதவனுக்கு ஒரு தடவை ஆஃப் ஆகும், ஒரு தடவை பாயும், ஒரு தடவை புதையும். அவங்க ரெண்டு பேரையும் பாத்தியில்ல? கிளட்ச் பிடிக்கற இடத்துல நூல் பிசகாம காலை எடுத்து வண்டிய அணைக்கணும்னா, அந்த இடம் அத்துப்படியாத் தெரிஞ்சிருக்கணும். அந்தக் காலுக்குச் சொல்லிக் குடுத்தவடா நான். யார் காதுல பூ சுத்தற?"

"இல்லக்கா, சத்தியமா..."

"சரி. இப்ப நிஜமாவே ஓட்டத் தெரியாதவன் மாதிரி ஓட்டிக் காட்டு. ஒரே ஒரு தடவை வண்டியக் குதிக்க வை. நான் பிக்கப்ல வர்றேன்."

தம்பி ஸ்டார்ட் செய்தான். மோசமாக ஓட்ட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்தான். கால் கேட்கவில்லை. பழகின கால், பழகினபடி கிளட்சை விட்டது. பிக்கப் வெண்ணெயில் கத்தி போவது போல மணலில் இறங்கி, குவியலைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. வெளியே நின்ற இரண்டு பேரும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

தம்பி ஸ்டியரிங்கை விடவில்லை. முகம் சிவந்துவிட்டது. "அப்ப நான் மேட்டுல ஏற வேண்டாமா? ராத்திரி தூக்கத்துல கூட அதத்தான்க்கா ஓட்டிட்டிருக்கேன்! நீங்கல்லாம் ஏறுவீங்க, நான் கீழ உக்காந்து பாக்கணுமா? இது என்னக்கா நியாயம்?"

"அதத்தான் நானும் கேட்டேன்" என்றாள் அக்கா. "கேட்டப்ப நீ காபி குடிச்சிட்டிருந்த."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிக்கப்பை அவன்தான் ஓட்டினான். அவள் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் போனை மேஜைமேல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, தம்பி பூட்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டான். ஜோடி மூன்றேதான், தன் அளவை மட்டும் எடுத்துவிட்டு முப்பத்தெட்டு போடச் சொன்னான். அளவை அவளிடம் கேட்டுத்தான் சொன்னான். அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"முப்பத்தெட்டா? லேடீஸா சார்?" என்றார் கடைக்காரர். "பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்கு இவ்வளவு கனமான பூட்ஸ் எதுக்கு? சாதா ஷூவே போதுமே."

தம்பிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, மேஜைமேல் இருந்த வரைபடம் பறக்கிற மாதிரி ஒரு அடி அடித்தான்.

"ஓட்டறவங்களுக்குய்யா! பைக்க ஓட்டறது எங்க அக்கா! யாரு என்னன்னு கேக்காம நீங்களே முடிவு பண்ணிடுவீங்களா? பின்னாடி வர்றது நான், பிக்கப்ல!"

அக்கா அவனைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கோபம் அவனிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.