தைஸ்தோ தோளில் ஒட்டிய தபால்தலை

"இது மருந்தா, தபால்தலையா? ஒட்டிட்டா வலி வேற ஊருக்குப் போயிடுமா?"

தைஸ்தோ கெம்ப்பைனன் இதை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்பார். நாற்பது வருஷம் பனிக்காட்டில் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். இப்போது இடுப்பெலும்பில் புற்றுநோய். நர்ஸ் சைமி தோளில் வலி மருந்துப் பட்டையை ஒட்டி அரை மணி ஆகாது, புலம்பல் ஆரம்பித்துவிடும்.

"பெரியவரே, இது தோல் வழியா மெல்லத்தான் ரத்தத்துல ஏறும். நாளைக்குத்தான் அளவு சரியா வரும்."

"மைனஸ் முப்பது டிகிரிக் குளிர்ல என் லாரியே இதைவிடச் சீக்கிரம் கிளம்பும்!"

பட்டையோடு சூடு ஆகாது என்றும் சைமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தைஸ்தோவும் அடுப்புப் பக்கமே போகவில்லை. ஆனால் சனிக்கிழமை சவுனாவை, அந்த நீராவிக் குளியலை, அவர் சூட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது சனிக்கிழமைக் கணக்கு. பழுக்கக் காய்ந்த கல்லில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஆவிக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். வலி பறந்தே போனது.

வெளியே வந்து சால்மன் சூப்பை ஒரு வாய் குடித்தவர், "லைனா... சூப்பு... ரொம்ப நல்லாருக்கு" என்று இழுத்தார்.

மனைவி லைனாவின் கரண்டி கீழே விழுந்தது. நாற்பத்தாறு வருஷத்தில் அந்த வாயில் வராத வார்த்தை அது! ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

"என் புருஷன் சூப்பைப் பாராட்டறாரு, ஓடி வாங்க!"

"மூச்சு எப்படிம்மா இருக்கு?"

எண்ணிப் பார்த்தாள். நிமிஷத்துக்கு ஆறு. பட்டையைப் பிய்த்தெறியச் சொல்லிவிட்டுப் பறந்து வந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே சைமி பொரிந்து தள்ளினாள். "சூட்டுல மருந்து மொத்தமா ரத்தத்துல பாஞ்சிருக்கு! அளவு குறைஞ்சா வலிக்கும், மீறினா மூச்சே நின்னுடும். சவுனாவா, பட்டையா? ஒண்ணைச் சொல்லுங்க."

"சவுனா."

யோசிக்கக்கூட இல்லை மனுஷன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று என்று மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். சவுனாவும் பத்தே நிமிஷம், மிதமான சூட்டில்.

லைனாவிடம் தனி அளவுகோல் இருந்தது. தினமும் சூப்பு எப்படி என்று கேட்பாள். திட்டினால் மருந்து அளவாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த வசந்தத்தில், அவருடைய கடைசி நாள் சாயங்காலம், கண்மூடிக் கிடந்தவர் வாயில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுக் கேட்டாள்: "கிழவா, சூப்பு எப்படி?"

ஒரு கண் திறந்தது.

"உப்பு இல்ல, மீன் வேகல, உருளைக்கிழங்கு கல்லாட்டம் கெடக்கு. போதுமா? ஆம்புலன்ஸ்காரனை நிம்மதியாத் தூங்கச் சொல்லு."