இரண்டு பாய்களும் என் காரின் இன்ஜினும்

இரும்புலியூரைத் தாண்டும் இடத்தில் என் கார் நின்றுபோனது. வெடிக்கவில்லை, புகையவில்லை. நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். பிரேக்கை மிதித்தால் கல்லை மிதிப்பது போல் இருந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் நிறுத்தினேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. வண்டலூரில் நாத்தனார் வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுத் தாம்பரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த முதல் நாளே ஓர் இளநீர் வண்டியை இடிக்கப் பார்த்தவர். அதற்குப் பிறகு ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. இரண்டு கை மாறி என்னிடம் வந்த அந்த டீசல் காரை நான்தான் பிடிவாதம் பிடித்து வாங்கினேன். அதனால் அது எங்கே நின்றாலும் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

"என்னாச்சு?"

"தெரியல."

"டீசல்?"

"பாதி டேங்க் இருக்குங்க."

சாவியைத் திருப்பினேன். எப்போதும் முக்கி முனகிச் சுற்றும் இன்ஜின், அன்று தையல் மிஷின் மாதிரி லேசாக, விறுவிறுவென்று சுற்றியது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு சத்தம். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அப்போது ஒரு சின்ன லோடு வண்டி எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. நீலாங்கரைப் பக்கத்து மீனவத் தம்பதி. கூடுவாஞ்சேரி வரை மீன் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். புருஷன் வண்டியிலேயே இருக்க, அந்த அக்கா மட்டும் இறங்கி வந்தாள்.

"இன்னாமா, வண்டி பூட்ச்சா?"

"ஆமாக்கா. என்னன்னு தெரியல."

"எங்க வண்டிய பாக்கற பாய்ங்க கோவிலம்பாக்கத்துல கீறாங்க. வெள்ளிக்கெழமதான் அவங்களுக்கு லீவு, இன்னிக்கு கடை தொறந்துதான் இருக்கும். கயிறு கட்டி இஸ்துகினு போயிடலாம், வா."

கயிறு தொய்யாமல் எப்படி ஓட்டுவது என்று சொல்லித்தர அவள் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். காரில் பாரம் குறையட்டும் என்று என் கணவரை லோடு வண்டிக்கு அனுப்பினாள். அதன் முன்சீட்டில் மூட்டையும் தராசும் இருந்ததால், பின்பக்கம் காலி மீன் பெட்டிகளுக்கு நடுவேதான் அவருக்கு இடம் கிடைத்தது. ஊருக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை. மேடவாக்கம் வரை அவர் என்னையே முறைத்துக்கொண்டு வந்தார். நான் கயிற்றைப் பார்ப்பதுபோல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லிடறேம்மா," என்றாள் அக்கா. "அண்ணன் தம்பி ரெண்டு பேரு. வேலை சூப்பரா செய்வாங்க. ஆனா ஒருத்தனோட ஒருத்தன் பேசமாட்டான். பெரிய பேஜாரு."

"ஏன்க்கா?"

"கடைக்குப் போர்டு எழுதினாங்க. பெரியவர் பேரு முழுசா வந்துச்சு. சின்னவர் பேருக்கு எடம் பத்தலன்னு பெயின்ட்டர் உட்டுட்டான். அவ்ளோதாம்மா."

பாய்களின் மெக்கானிக் கொட்டகைக்கு வெளியே எங்களை அவிழ்த்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். நான் உள்ளே பார்த்து "பாய்!" என்று கூப்பிட்டேன். இரண்டு தலைகள் இரண்டு மூலைகளிலிருந்து திரும்பின. அப்போதிலிருந்து என் மனசுக்குள் பெரிய பாய், சின்ன பாய் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பெரிய பாய் சாவியைத் திருப்பச் சொல்லிக் காதைக் கொடுத்தார். "டைமிங் பெல்ட் அறுந்துட்ச்சு மேடம். புது பெல்ட் போட்டா ஓடும். அவன் கைல சொல்லுங்க."

அந்த 'அவன்' என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். "வெறும் பெல்ட்டா? ஓட்டத்துல அறுந்திருக்கு. பிஸ்டன் போய் வால்வை இடிச்சு வளைச்சிருக்கும். வால்வு இருக்கற ஹெட்டை எறக்காம ஆவாதுன்னு அவர் கைல சொல்லுங்கக்கா."

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "ஹெட்டை எறக்கணுமாம்," என்றேன்.

"கேட்டுச்சு. எல்லாத்துக்கும் ஹெட்டை எறக்கறதுதான் அவனுக்குத் தெரியும்னு சொல்லுங்க."

மீன் வாசனையோடு நின்றிருந்த என் கணவர், "நான் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போறேன்" என்றார்.

பெல்ட்டின் மேல் இருந்த மூடியைக் கழற்றியதும் அது கறுப்புப் பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு விழுந்தது. பாதிப் பற்கள் இல்லை. அது சுற்றிவரும் வாட்டர் பம்ப் கையால் திருப்பினால் கரகரவென்றது. அதுதான் இறுகிப்போய் பெல்ட்டைத் தின்றிருந்தது. பெரிய பாய் ஒரு பழைய பெல்ட்டை மாட்டி, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தார். எங்கேயும் எதிர்ப்பே இல்லை. வால்வுகள் சரியாக மூடாததால் காற்று சும்மா புஸ்ஸென்று வெளியே போனது. அவர் ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"ஹெட்டை எறக்கலாம்," என்றார் என்னிடம். 'அவன் கைல சொல்லுங்க' என்பதை இந்தத் தடவை விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை தவிர அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டதும் கோவிலம்பாக்கம் போனேன். போகவேண்டிய அவசியம் இல்லை. வேலை நடக்கிறதா என்று பார்ப்பதாக வீட்டில் சொன்னேன். உண்மையில் எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிருந்தது. வளைந்த வால்வுகளைச் சின்ன பாய் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிக் காட்டினார். நொண்டியடித்துக்கொண்டு உருண்டன. புது வால்வுகளுக்கு அரைக்கும் பேஸ்ட்டைத் தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவே மத்து கடைவதுபோல் பெரிய பாய் உருட்டினார். இடையிடையே எனக்கு வேலை வந்துகொண்டே இருந்தது.

"அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வைக்கச் சொல்லுங்க மேடம்."

"அவர்தான் அது மேல ஒக்காந்துகினு இருக்காருன்னு சொல்லுங்கக்கா."

மத்தியானம் ஒரே வீட்டிலிருந்து ஒரே கேரியரில் சோறு வருமாம். ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிச் சாப்பிடுவார்களாம். எதிர் டீக்கடைக்காரர் சொன்னார்.

சனிக்கிழமை இன்ஜினை மூடும் நாள். புது வாட்டர் பம்ப், புது பெல்ட், எல்லாம் தயார். பெல்ட் ஏறுவதற்குக் கீழே ஒரு பல்சக்கரம், மேலே ஒரு பல்சக்கரம். இரண்டிலும் உள்ள குறிகள் சரியான இடத்துக்கு வந்த பிறகுதான் பெல்ட்டை மாட்ட வேண்டும். ஒரு பல் தப்பினாலும் இன்ஜின் ஒழுங்காக ஓடாது. இன்னும் தப்பினால் புது வால்வுகளும் போய்விடும். சின்ன பாய் காருக்கு அடியில் படுத்து ஸ்பேனரால் கீழ்ச் சக்கரத்தைத் திருப்பினார். பெரிய பாய் மேலே குனிந்து டார்ச்சடித்துக் குறியைப் பார்த்தார். நடுவில் நான்.

"நிறுத்தச் சொல்லுங்க."

"பாய், நிறுத்துங்க."

"தாண்டிட்ச்சு. கொஞ்சம் பின்னாடி வரச் சொல்லுங்க."

"பாய், கொஞ்சம் பின்னாடி."

"கொஞ்சம்னா எவ்ளோன்னு கேளுங்கக்கா."

"எவ்ளோன்னு கேக்கறார்."

"அதுக்குள்ள ரொம்ப வந்துட்டான் பாருங்க!"

நான் சொல்லி முடிப்பதற்குள் ஒவ்வொரு தடவையும் குறி தாண்டிப்போனது. வியர்வை கழுத்தில் ஓடியது. எனக்கே ஒரு கட்டத்தில் பொறுமை போய்விட்டது.

"நான் டீ குடிக்கப் போறேன். நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

டீ ஆறும்வரை கொட்டகையிலிருந்து சத்தமே இல்லை. சரி, மெக்கானிக்கை மாற்ற வேண்டியதுதான் என்று நினைத்தேன். திடீரென்று பெரிய பாயின் குரல் ரோடு முழுக்கக் கேட்டது.

"டேய், நிறுத்துடா! நிறுத்து, நிறுத்து! வால்வை ஒடச்சிடாத!"

காருக்கு அடியிலிருந்து, "இப்ப?"

"அரைப் பல்லு பின்னாடி வா. அப்டியே புடி. அசையாத."

"புடிச்சிகினுதான் இருக்கேன். சீக்கிரம் மாட்டுண்ணே, கை வலிக்குது."

டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார். நான் கிளாஸைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தேன். இப்போது போய் நின்றால் கெட்டுவிடும் என்று தோன்றியது. பெல்ட் ஏறியதும் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பார்த்து, "கரெக்டா கீது" என்று பெரியவர் சொன்ன பிறகுதான் ரோட்டைக் கடந்து போனேன். இருவரும் என்னை ஏதோ திருட்டைப் பார்த்துவிட்டவளைப் போல் பார்த்தார்கள்.

சாவியைத் திருப்பச் சொன்னார்கள். இன்ஜின் முக்கியது, முனகியது, பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய டீசல் சத்தத்தை அப்படி ஆசையாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பெரிய பாய் ஸ்டியரிங்கில், சின்ன பாய் பக்கத்தில், என் காரில் நான் பின்சீட்டில். மேடவாக்கம் போகும் வழியெல்லாம் சண்டை.

"செகண்டுல இவ்ளோ இழுக்காதண்ணே. புது ஹெட்டு வேலை."

"உனக்கு கியர் போடக் கத்துக்குடுத்ததே நான்தான்டா."

"அதான் எனக்கும் தப்பாவே வருது. அக்கா, நீங்களே சொல்லுங்க!"

"என்னை விட்டுடுங்க," என்றேன்.

அவர்கள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. பெரியவர் மூன்றாவது கியருக்கு மாற்றினார், வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாக. சின்னவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்று வாங்கினேன்.