அக்காவின் கார்டில் என் ரத்தம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எந்த வரிசைக்கும் ஆள் தானே போக வேண்டியதில்லை. கடையில் மாவு கொடுக்கிறார்கள், மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்றால் ஒருத்தி ஐந்து வீட்டுக் கார்டையும் மடியில் கட்டிக்கொண்டு போய் நிற்பாள். மற்ற நான்கு பேரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். கார்டு போனால் ஆள் போன மாதிரி. லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் இப்படியா என்று எனக்குத் தெரியாது. அந்த வழக்கத்தை நான் எதுவரைக்கும் இழுத்தேன் என்பதைச் சொல்லாமல் வைத்திருந்து வைத்திருந்து எனக்கே அலுத்துவிட்டது.

நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் மலைக்குப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அடுத்த வீட்டு அக்கா கொழுந்து பறிப்பவர். புருஷனை இழந்தவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர். அவர் இருமினால் நான் விழித்துக்கொள்வேன். உயரமும் பருமனும் நடையும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று. போதாக்குறைக்குத் தலவாக்கலை நடைபாதைக் கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி சிவப்பு சுவெட்டர். பின்னாலிருந்து பார்க்கிறவர்கள் ஆள் மாறிக் கூப்பிடுவார்கள். நாங்கள் சிரிப்போம்.

நாற்பது வயது தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் பார்க்க டவுனிலிருந்து ஒரு நர்ஸ் வருவதாகச் சொன்னார்கள். ஆளுக்கொரு கிளினிக் கார்டும் கொடுத்திருந்தார்கள். கொழுந்துக்காரர்களுக்கு ஒரு நாள், எங்களைப் போன்றவர்களுக்கு வேறொரு நாள். அக்காவின் நாள், கொழுந்து பொங்கி நின்ற வாரத்தில் வந்து விழுந்தது.

"தங்கச்சி, ஏங் கார்டக் கொண்டுபோயி காட்டிட்டு வந்துரு. நா மலைய விட்டுட்டு வர முடியாது."

"வெரல்ல குத்துவாங்களே அக்கா?"

"ஒன் வெரல்ல குத்துனா என்னா, என் வெரல்ல குத்துனா என்னா? எழுதிக் குடுத்துருவாங்க, வேல முடிஞ்சிச்சு."

மத்தியானம் பிள்ளைகள் தூங்கிய நேரம், கூட வேலை செய்தவளிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்து மருந்தகத்துக்கு ஓடினேன். நர்ஸுக்கு எங்கள் முகம் பழக்கமில்லை. பேர் கேட்டார். அக்காவின் பேரைச் சொன்னேன். வயது கேட்டார். அக்காவின் வயதைச் சொன்னேன். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார்.

"எறந்துட்டாரு மிஸ்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் தேயிலை ஸ்டோரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சொன்ன பிறகு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நர்ஸ் அதை ஊசிப் பயம் என்று நினைத்துக்கொண்டு என் விரலைத் தடவிக் கொடுத்தார்.

மிஷினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு விரலிலும் குத்தினார். பிறகு சிங்களம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, இது இன்னும் வியாதி ஆகல்ல. வாசல்ல வந்து நிக்குது. இப்பவே தினம் நடந்தா, சீனி நிப்பாட்டினா, சோறு கொறச்சா, உள்ளுக்கு வராது. மூணு மாசத்துல திரும்ப வாங்க."

நான் என்னையறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். வெளியே பனிமூட்டம் மட்டும் இருந்தது. நர்ஸ் எண்ணை அக்காவின் கார்டில் எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டார்.

பின்னேரம் கார்டை நீட்டி விஷயத்தைச் சொன்னதும் அக்கா அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஒன்னோடதுல்ல?"

"கார்டு ஒங்களோடது அக்கா. என் கார்டுல ஒண்ணும் எழுதல" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒனக்குக் குறிச்ச நாளுக்கு நீ போவணும்" என்றார். நான் போகவில்லை. நர்ஸ் முகத்தை அடையாளம் கண்டு, அன்று பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடியது தெரிந்தால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. பயம், அப்பட்டமான பயம். என் பேரில் எழுதாத வரைக்கும் அது என்னுடையதல்ல என்று என் மனசு அடம்பிடித்தது.

காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் ஒன்றாக நடக்கலாம் என்று அக்கா பத்து நாள் கூப்பிட்டுப் பார்த்தார். நான் குளிர், முழங்கால் வலி, தலையிடி என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பதினோராவது நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ படுத்துக் கெட. ஒனக்கும் சேத்து நானே நடக்குறேன். போறது ஏங் கார்டுதானே!"

விளையாட்டாகச் சொன்னாரோ வினையாகச் சொன்னாரோ, விடியும்போது கோயில் மேடு வரைக்கும் நடக்க ஆரம்பித்தார். சீனியை நிறுத்தினார். சோற்றைப் பாதியாக்கினார். நான் என் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி போட்டு, கண்ணாடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து குடித்தபடி பார்ப்பேன். சிவப்பு சுவெட்டர் மூட்டத்துக்குள் ஏறிப் போகும். அதே முதுகு, அதே நடை. என் உடம்பு எழுந்து வெளியே போய்விட்டது, இங்கே உட்கார்ந்திருப்பது வேறு ஏதோ என்று தோன்றும். கரண்டி கிண்ணத்தில் படும் சத்தத்துக்குக்கூடத் திடுக்கிடுவேன்.

ஒரு நாள் பிள்ளைக் காம்பராவில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று என் மடியில் ஏறிக்கொண்டு சொன்னது: "ஆயாம்மா, காலையில நீங்க நடந்து போனீங்க. நா கூப்புட்டேன். நீங்க திரும்பவே இல்ல."

"அது நா இல்லம்மா" என்றேன். அது நம்பவில்லை.

மூன்று மாதம் கழித்து அக்கா தானே கார்டைக் கொண்டுபோனார். எண் நன்றாக இறங்கியிருந்தது. அந்த நர்ஸ் முகத்தைப் பார்த்தாரா, கார்டைப் பார்த்தாரா தெரியாது. மருந்தில்லாமல் தடுத்துவிட்டீர்கள் என்று எல்லார் முன்னாலும் கைதட்டினாராம். கார்டில் என் வியாதி குணமாகிவிட்டது. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? வந்தது. அன்று ரொட்டியில் சீனி தூவிச் சாப்பிட்டேன்.

நான்கு வருஷம் அப்படியே போனது. அக்கா நடப்பதை விடவில்லை. மேடு ஏறினாலும் அவருக்கு மூச்சு வாங்குவதில்லை. எனக்கோ தண்ணீர்த் தாகம், களைப்பு, கண்ணில் மங்கல். பாதம் மட்டும் வலிக்காமல் இருந்தது. அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு காலை அடுப்படியில் நின்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது தீய்ந்த வாடை வந்தது. ரொட்டி வாடை இல்லை. இறைச்சி கருகுகிற வாடை. எங்கள் வீட்டில் அன்று கருவாட்டுத் துண்டுகூட இல்லை.

"அக்கா, ஒங்க வீட்டுலயா கருகுது?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"இங்க ஒண்ணுமில்லயே" என்றபடி வந்தவர், கீழே பார்த்துவிட்டு அலறினார். அடுப்பிலிருந்து விழுந்த கங்கின்மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரமாகவோ. அவர் என்னைப் பிடித்து இழுத்த பிறகும் எனக்கு வலிக்கவில்லை. யாருடைய காலையோ பார்ப்பது போல அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பயந்த மாதிரி நான் அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை.

காயம் ஆறவில்லை, மேலேறியது. நுவரெலியாவில் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுத்தால்தான் பாதம் தப்பும் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சீனி இருக்குன்னு இதுக்கு முன்ன ஒருத்தரும் சொல்லலியா?"

கட்டில் ஓரத்தில் நின்ற அக்கா எனக்குப் பதிலாக வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சொன்னாங்க டாக்டர். நாலு வருஷத்துக்கு முன்னாடியே எங்கிட்டத்தான் சொன்னாங்க. நடக்கச் சொன்னாங்க. நா நடக்கல."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

மறுநாள் காலை என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அக்கா என் கையை விடாமல் கூடவே நடந்து வந்தார். ஆப்பரேஷன் அறைக் கதவு வரைக்கும் வந்தார். அதற்கு மேல் அவரை விடவில்லை.