விழுப்புரம் லைனில் என் சம்பந்தம்

நாம பேசறதை எங்கயோ யாரோ கேட்டுட்டு இருக்காங்கனு இப்போ ஆளாளுக்குப் பயப்படறாங்க. எழுபதுகள்ல, திருவண்ணாமலையில, அந்த யாரோ நான்தான். எனக்கும் ஷிஃப்ட் இருந்துச்சு, டிபன் பாக்ஸ்ல எலுமிச்சை சாதம் இருந்துச்சு, வீட்ல மாப்பிள்ளை பார்த்துட்டு இருந்தாங்க. அதையெல்லாம் யாரு நினைச்சுப் பார்க்கறாங்க!

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர் வேலை. அப்போல்லாம் நம்பரைச் சுத்தினா தானா போய்ச் சேராது. ஊர்ல யாராவது ரிசீவரை எடுத்தா என் முன்னாடி போர்டுல ஒரு விளக்கு எரியும். நான் ஒயரைச் சொருகி 'நம்பர் சொல்லுங்க'னு கேக்கணும். வெளியூர்னா ட்ரங்க் கால். லைன் கிடைக்கற வரைக்கும் காத்திருந்து, ரெண்டு பக்கத்தையும் நான்தான் சேர்த்து வைக்கணும். சேர்ந்துச்சானு காதுல வாங்கித்தானே பார்க்கணும்? கேட்டதை வெளிய சொல்லக்கூடாதுனு வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே கையெழுத்து வாங்கிட்டாங்க. சொல்லாம இருக்கலாம், கேக்காம இருக்கக் காதுக்கு என்ன தாழ்ப்பாளா இருக்கு?

அந்த ரூமுக்கு ஜன்னல் உண்டு. திறந்தா மலை தெரியும். திறக்க விடமாட்டாங்க, தூசி போர்டுக்கு ஆகாதாம். தலையில ஹெட்செட், கழுத்துல ஒயர். பாத்ரூம் போகணும்னாலும் சூப்பர்வைசரைக் கேக்கணும். தீபத்தன்னைக்கு ஊரே அண்ணாந்து மேல பார்த்துட்டு நிக்கும், நாங்க போர்டைப் பார்த்துட்டு உக்காந்திருப்போம். அன்னைக்குத்தான் கால் ஜாஸ்தி.

கடைத்தெருவுல என்னைப் பார்த்தா சில பேர் தேவைக்கு மேல சிரிப்பாங்க, சில பேர் வேற பக்கம் திரும்பிப்பாங்க. யார் பையன் பரீட்சையில கோட்டு அடிச்சான், யார் வீட்டுக்கு எந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து கால் வருது, எல்லாம் என் காது வழியாத்தான் போச்சு. அம்மாகிட்டகூட மூச்சு விட்டதில்ல. அம்மாவுக்கு அதுல பெரிய மனக்குறை. "ஊரே உன் காதுல இருக்கு, பெத்தவகிட்ட ஒரு விஷயம் சொன்னா குறைஞ்சா போயிடுவ?"ம்பாங்க.

அந்தக் காதுல மாட்டின ஒருத்தர் மல்லாட்டை மண்டிக்காரர். நிலக்கடலைக்கு எங்க பக்கம் மல்லாட்டைனுதான் பேரு. ஊர்ல பெரிய மனுஷன். எங்க அப்பா பஸ் கம்பெனியில செக்கர், அவரைப் பார்த்தா எழுந்து நிப்பாரு. வெள்ளிக்கிழமை மத்தியானமானா, மண்டி ஆளுங்க சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவர் பாண்டிச்சேரிக்கு ஒரு கால் போடுவாரு. அந்தப் பக்கம் ஒரு பொம்பளை குரல். ஒரு குழந்தை "அப்பா, எப்ப வருவீங்க?"னு கேக்கும். இங்க வீட்ல இருக்கற பொண்டாட்டிக்குக் குழந்தை கிடையாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், அதுவும் நான் ஆசைப்பட்டுத் தெரிஞ்சுக்கலை. குழந்தை கத்திப் பேசுச்சு, நான் என்ன பண்ண?

எனக்கு இருபத்தாறு ஆயிடுச்சு. "போன்ல கண்டவங்களோட பேசற வேலையா?"னு கேட்டுட்டு, வந்தவங்கள்லாம் பலகாரத்தைச் சாப்பிட்டுக் கிளம்பிட்டாங்க. அப்புறம் விழுப்புரத்துலேர்ந்து ஒரு வரன் வந்துச்சு. மாப்பிள்ளை ஸ்கூல் வாத்தியாரு, அவங்க அப்பா எண்ணெய் மில்லு வெச்சிருந்தாரு. மாப்பிள்ளை என்னைப் பாடச் சொல்லலை, சமைக்கத் தெரியுமானு கேக்கலை. "ஷிஃப்ட் முடிஞ்சு இருட்டுல வீட்டுக்கு யார் கூட வருவீங்க?"ன்னாரு. அப்பா சைக்கிள்ல வந்து கூட்டிட்டுப் போவாருன்னேன். "விழுப்புரத்துக்கு மாத்தல் வாங்கிட்டா நான் வரேன்"னாரு. பிடிச்சுப்போச்சு. இதுல வெட்கப்பட என்ன இருக்கு, பிடிச்சதுனா பிடிச்சதுதான். ரெண்டு நாளா போர்டுல தப்புத் தப்பா சொருகிட்டு சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அவங்களுக்கும் பிடிச்சிருந்துச்சு. பாக்கி இருந்தது விசாரிப்பு ஒண்ணுதான். பொண்ணு எப்படி, குடும்பம் எப்படினு உள்ளூர்ல தெரிஞ்சவங்களைக் கேக்காம எங்க பக்கம் யாரும் தட்டு மாத்த மாட்டாங்க. எண்ணெய் மில்லுக்காரருக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும்? மல்லாட்டை விக்கிறவரைத்தானே தெரியும்!

நல்ல மழை பெய்யற ஒரு காலையில விழுப்புரம் ஆபரேட்டர் லைன்ல வந்து மண்டி நம்பரைக் கேட்டா. குடுத்தேன். சேர்ந்துச்சானு காதைக் கொடுத்தா, "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாக்குதே, செக்கர் மக, நம்ம பையனுக்குப் பார்த்திருக்கோம். எப்படிங்க அந்தப் பொண்ணு?"னு ஒரு குரல். எங்க வீட்ல உக்காந்து பஜ்ஜி நல்லா இருக்குனு சொன்ன அதே குரல், மாப்பிள்ளையோட அப்பா. நான் உடனே லைனை விட்டு வெளிய வந்திருக்கணும், அதுதான் சட்டம். வரலை. உங்களால முடியுமா, சொல்லுங்க பார்ப்போம்.

"குடும்பம் நல்ல குடும்பம்தாங்க,"ன்னாரு மண்டிக்காரர். "ஆனா அந்தப் பொண்ணு ஒட்டுக் கேட்டு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுது. நாளைக்கு உங்க வீட்டு விஷயமும் தெருவுக்கு வந்துடும். வேணாங்க."

அடப்பாவி! அவர் குட்டு வெளிய வராம இத்தனை நாளாப் பார்த்துக்கிட்டவ நான். அவருக்கு என்ன பயம்னு எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. நான் அந்த வீட்டுக்கு மருமகளாப் போனா, அவர் வியாபாரம் பண்ற எடத்துலயே அவர் விஷயமும் கூடவே போய் உக்காந்துக்கும்.

மழையில விழுப்புரம் லைன் கரகரன்னு இருந்துச்சு. அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் விளங்கலை. "என்னங்க? என்னங்க?"னு கத்தினாரு. மண்டிக்காரர் திரும்பக் கத்தினாரு. ம்ஹூம். நடுவுல இருக்கற எங்களுக்கு ரெண்டு பக்கமும் கேக்கும். லைன் மோசமா இருந்தா இவர் சொல்றதை வாங்கி அவருக்குச் சொல்றது எங்க வழக்கம். சாவுச் சேதிகூட அப்படிச் சொல்லியிருக்கேன். பெரியவரும் அதைத்தான் கேட்டாரு. "ஆபரேட்டரம்மா, லைன்ல இருக்கீங்களா? அவர் என்ன சொல்றாருனு நீங்களே சொல்லுங்கம்மா, புண்ணியமாப் போகும்!"

"இருக்கேங்க,"ன்னேன்.

மண்டிக்காரருக்கு என் குரல் தெரிஞ்சுபோச்சு. வாரா வாரம் கேக்கற குரலாச்சே!  பின்னாடி மூட்டை இறக்கற சத்தம் மட்டும் வந்துச்சு. இப்பயாவது கூச்சப்பட்டு வெச்சுடுவாருனு நினைச்சேன். தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, நிதானமா, "நான் சொன்னதை அப்படியே சொல்லும்மா,"ன்னாரு.

மாத்திச் சொல்லியிருக்கலாம். 'தங்கமான பொண்ணாம், யோசிக்காம முடிங்கங்கறாரு.' வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நான் பேசறது மண்டிக்காரருக்கும் கேக்கும். ஒரு வார்த்தையை மாத்தினேன்னா அவர் கையில மாட்டினேன். லைன்ல புகுந்து பொய் சொல்றானு மேல ஒரு புகார் போட்டா வேலை போச்சு. சொல்ல மாட்டேன்னு ஒயரை உருவினா, ஏன் உருவினேனு சூப்பர்வைசர் கேப்பாங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு.

சொன்னேன். "பொண்ணு ஒட்டுக் கேட்டு ஊர் பூரா சொல்லுதாம்ங்க. உங்க வீட்டு விஷயமும் தெருவுக்கு வந்துடுமாம். வேணாம்ங்கறாரு." குரல் ஒரு இடத்துலயும் நடுங்கலை. அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க.

"அப்படியா!"ன்னாரு அந்தப் பெரியவரு. "ரொம்ப நன்றிம்மா. நல்ல நேரத்துல சொன்னீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

ஒயரை உருவிட்டு அடுத்த விளக்குக்கு 'நம்பர் சொல்லுங்க'ன்னேன். வேற என்ன பண்றது?

ஜாதகம் பொருந்தலைனு வீட்டுக்கு கார்டு வந்துச்சு. அம்மா ஜோசியரைத் திட்டினாங்க, விழுப்புரத்துக்காரங்களைத் திட்டினாங்க, கடைசியில என் ராசியைத் திட்டினாங்க. மண்டிக்காரர்தான் கெடுத்தாருனு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், மண்டி வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டுத்தான் வந்திருப்பாங்க. 'இது உன் மகளுக்கு எப்படித் தெரியும்?'னு அவர் கேட்டா? போன்ல கேட்டேன்னுதான் சொல்லணும். அப்போ அவர் சொன்னது நிஜம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்பா மட்டும் வழக்கம்போல சைக்கிளோட வந்து நின்னாரு. பின்னாடி உக்காந்து அவர் முதுகைப் பார்த்துட்டே வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் மண்டிக்காரர் பாண்டிச்சேரி கேட்டாரு, நான் குடுத்தேன். "சௌக்கியமாம்மா?"னு வேற விசாரிச்சாரு. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க.

போன்ல சொன்னது விழுப்புரத்தைச் சுத்திட்டு எங்க ஊருக்கே திரும்ப வந்துடுச்சு. நான் போனா பேச்சை நிறுத்துவாங்க. வரன் வர்றது நின்னுபோச்சு. 'வேலையை விட்டுடேன்'னு அம்மா அழுதாங்க. விட்டுட்டு வீட்ல உக்காந்தா மட்டும் பேரு மாறிடுமா?

ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம், மண்டிக்காரர் வீட்டு விளக்கு எரிஞ்சுது. எடுத்தா, அவர் பொண்டாட்டி.

"நம்பர் வேணாம்மா. நீ செக்கர் மகதானே?"

"ஆமாங்கம்மா."

"கேட்டதையெல்லாம் நீ வெளிய சொல்லிடுவனு அவரே வீட்ல சொன்னாரு. விழுப்புரத்துச் சம்பந்தத்தையும் அதைச் சொல்லித்தான் வேணாம்னாராம். அந்த தைரியத்துலதான் கேக்கறேன். பாண்டிச்சேரியில அவர் யாரோட பேசறாரு?"

எனக்கு ஜிவ்வுனு தலைக்கு ஏறுச்சு. பழி வாங்க இதைவிட நேரம் கிடைக்குமா? ஒரு வாக்கியம் போதும், அந்த மனுஷன் வீடு ரெண்டாயிடும். சொல்லு, சொல்லுனு மனசு குதிக்குது. ஆனா சொன்னேன்னா, அவர் என்னை என்னனு சொன்னாரோ அதுவாவே ஆயிடுவேன். அந்த ஆத்திரத்துலயும் அது உறைச்சுது.

"எனக்குத் தெரியாதுங்கம்மா."

"ஊருக்கெல்லாம் சொல்றியாம், எனக்குன்னா மட்டும் வாய் வரலையா?" அவங்க குரல் கம்மிப்போச்சு. "நீயும் ஒரு பொம்பளைதானே?"

"நான் யார்கிட்டயும் எதையும் சொன்னதில்லைங்கம்மா. இன்னைக்கு வரைக்கும் இல்ல."



"அப்போ உன்னைப் பத்தி அவர் சொன்னது பொய்,"ன்னாங்க மெதுவா. "எதை மறைக்க ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்தாருனு எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீ ஒண்ணும் சொல்லலைம்மா. நீ சொல்லாததுலயே எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிட்டு வந்துச்சு. நான் அப்படிப்பட்டவ இல்லனு தெரிஞ்சுக்கிட்ட முதல் ஆளு, இந்த ஊர்ல. "இதை நீங்க யார்கிட்டயாவது சொல்லுங்கம்மா,"ன்னேன். கெஞ்சினேன்னே சொல்லணும்.

"நானா?"ன்னாங்க. "சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாங்களே, பாண்டிச்சேரியையும் சேர்த்துத்தானே சொல்லணும். நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. அந்தப் பக்கம் அந்தம்மா போனை வைக்கலை, நானும் ஒயரை உருவலை.