பதினோராவது மீன் பணிஸ்

இந்த வருட ஆடி அமாவாசை. பகல் பன்னிரண்டு இருபது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. சோளகக் காற்று தர்மபுரத்துப் புழுதி முழுவதையும் என் மூக்குக் கண்ணாடியில் கொண்டுவந்து கொட்டியது. சைக்கிள் கைப்பிடியில் ஒரு பை. பைக்குள், மீன் கறி வைத்துச் சுட்ட பன் ஒன்று: மீன் பணிஸ்.

விரத நாளில் மீன் பணிஸா? முறைக்காதீர்கள். அது எனக்கல்ல.

தகப்பனை இழந்தவர்கள்தான் ஆடி அமாவாசை விரதம் பிடிப்பார்கள். தகப்பன் இருப்பவர்கள் பிடிக்கக்கூடாது. நான் என் தகப்பனுக்காகப் பிடிக்கிறேன். மதி பிடிப்பதில்லை. மதி என் மனைவியின் மகள். அவளுடைய அப்பா யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் அவளுக்குப் பதினான்கு வயது. அமாவாசைச் சமையலைப் பார்த்தாள். சோற்றுக் கோப்பையைத் தள்ளினாள்.

“என்ர அப்பா இருக்கிறார். எனக்கு மீன் வேணும்.”

சொன்னது தாயிடம். பார்த்தது என்னை. விரத வீட்டில் மீன் சமைக்க முடியாதே... சந்திக் கடைக்குச் சைக்கிளை மிதித்தேன். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள் — பயம். வாங்கி வந்த பணிஸை முற்றத்து வேம்பின் கீழ் நின்று தின்றாள். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு பணிஸ்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அவளுடைய அப்பா வந்துவிட்டால்? வாசல் படலை கிறீச்சிடும்போதெல்லாம் மனதுக்குள் எண்ணுவேன்: சேட்டு ஆறு, சாரம் நான்கு, மருந்துப் பெட்டி ஒன்று. மூட்டை கட்டிக்கொண்டு வெளிக்கிட அரை மணி நேரம் போதும்.

இது பதினோராவது பணிஸ். மதி வாசலிலேயே மறித்தாள்.

“மாமா, எனக்கு வேண்டாம். இண்டைக்கு நானும் விரதம்.”

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? ஏதும் தகவல் வந்ததே?”

“ஒண்டும் வரேல்லை. ஆனா... அவர் செத்திருந்தால், இவ்வளவு வருசமும் பசியோட எல்லோ இருந்திருப்பார்? நான் பணிஸ் திண்டுகொண்டு நிண்டிருக்கிறன், மாமா.”

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

இனி நான் எங்கும் வெளிக்கிடத் தேவையில்லை. நிம்மதி வரவேண்டும் அல்லவா? வரவில்லை. நான் முகமே கண்டிராத அந்த மனிதருக்காக இன்னொரு வாழையிலை வெட்டப் போனேன்.

படைத்த சோற்றைக் காகம் எடுத்த பிறகுதான் விரதகாரர் சாப்பிடலாம். வேலியோரம் இரண்டு இலைகள் வைத்தோம். என் தகப்பனுடைய இலையில் உடனே ஒரு காகம் இறங்கியது. மதியின் இலைப் பக்கம் ஒன்றும் வரவில்லை. சோறு காய்ந்தது, விரதத்துக்கென்றே பொரித்த காத்தோட்டிக்காயில் புழுதி படிந்தது.

“கா... கா...” கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுடைய குரல் உடைந்தது.

“பாத்தீங்களே மாமா, எடுக்குதில்லை. உயிரோட இருக்கிற மனுசனை நானெல்லோ சாகடிச்சுப் போட்டன்!”

“காகத்துக்கு என்ன பிள்ளை தெரியும்...” என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

அப்போது சைக்கிள் பக்கம் சரசரப்பு. கைப்பிடிப் பையைக் கிழித்து, ஒரு காகம் பணிஸை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. நான் கையை ஓங்கினேன்.

“கலைக்காதேங்கோ!” மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள். “அந்த மனுசன் எந்த நாளில மரக்கறிச் சோறு திண்டது?”

மதி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியாது. வேம்பைப் பிடித்துக்கொண்டு, வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி அழுதாள். இத்தனை வருடமும் அழாத அழுகை.

பிறகு முகம் கழுவிவந்து என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள்.

“காத்தோட்டிக்காய் இப்பிடிக் கைக்குமே, மாமா?”

“ஓம் பிள்ளை. முதல் முறை கூடுதலாக் கைக்கும்.”

ஆம், இன்னும் மாமாதான். அப்பாவின் கதிரை அன்றுதான் காலியானது. அதில் ஓடிப்போய் உட்காருபவன் மனிதனா?

பதினொன்றில் ஒன்று, உரியவருக்கே போய்ச் சேர்ந்தது. விலை நூற்று இருபது ரூபாய்.